கை சுத்தம்

21 ஜனவரி 1958, செவ்வாய்

பொங்கல் லீவு முடிந்து இன்று முதல் சுற்று. குணசுந்தரியின் ஓலைப் பின்னல் நிலையத்துக்குள் நான் நுழையும்போது, அவள் ஒரு பெண்ணின் மடியிலிருந்த ஓலைப்பெட்டியைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு விளிம்பு கட்டிக்கொண்டிருந்தாள். பெட்டிக்குச் சொந்தக்காரி வாயைப் பிளந்து வேடிக்கை பார்க்கிறாள். எனக்கு வந்ததே ஆத்திரம்.

“இன்னாடி பண்றே?”

“கோணிக்கினு போச்சு டீச்சர். சரி பண்ணிக் குடுக்கறேன்.”

“நீ முடிச்சா அது உன் பெட்டி. அவ பெட்டி எங்க?”

இது எத்தனையாவது தடவை! ஓலை பின்னத் தெரிந்தவளையெல்லாம் ஆசிரியை என்று சர்க்கார் எடுத்துவிட்டது. சொல்லிக்கொடுக்க யார் சொல்லிக்கொடுப்பது? முத்தம்மா இருக்கிறாளே, ஊர் ஊராகப் போய்ப் பின்னால் உட்கார்ந்து பார்த்துப் பழக்கிவிடுவாள் என்று என் தலையில் கட்டியாகிவிட்டது. பின்னத் தெரிந்த கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது. அதுதான் இவர்கள் எல்லோருக்கும் வியாதி.

கடைசியில் குணசுந்தரியின் முந்தானையாலேயே அவள் இரண்டு கையையும் பின்பக்கம் கட்டினேன். “இப்போ வாயால சொல்லிக் குடு” என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள், அவள் அழுதாள். அழட்டும்.

29 ஜனவரி, புதன்

பழவேற்காடு. பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் இடுப்பு ஒடிந்துவிட்டது. சர்க்கார் பிடித்துக் கொடுத்திருக்கும் அறைக்கு ஒரே ஒரு ஜன்னல், அதையும் மீன் வலை போட்டு அடைத்திருக்கிறார்கள். இந்த இருட்டில் பின்னல் எப்படிக் கண்ணுக்குத் தெரியும்? எழுதிக் கேட்டு எழுதிக் கேட்டு எனக்குக் கை வலிதான் மிச்சம்.

ஆனாலும் இங்கே வந்தால் மட்டும் மனசு கொஞ்சம் ஆறுகிறது. இந்த நிலையத்து ஆசிரியை சாலிஹாவால். நான் உட்காருவதற்குள் முக்காட்டுத் துணியின் நுனியில் தன் கையைத் தானே சுற்றிக்கொண்டு, “கட்டிக்கினேன் டீச்சர், பாத்துக்கோங்க” என்று சிரிக்கிறாள். ஒரு பெண்ணுக்கு மூடி பெட்டியில் உட்காரவில்லை. வேறு யாராவது இருந்தால் பிடுங்கியிருப்பார்கள். இவள் பக்கத்தில் குந்திக்கொண்டு, “ஏன் உக்கார மாட்டேங்குது? நீயே சொல்லு” என்கிறாள். அந்தப் பெண் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கே ஓலையை இழுத்து இறுக்கினோம் என்று தானே கண்டுபிடித்து, பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். அரை நாள் போயிற்று. பெட்டி இன்னும் கோணல்தான். ஆனால் அது அவள் பெட்டி.

இவளை வேலைக்குக் கொண்டுவர நான் பட்ட பாடு! பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கிறாரே இவள் அண்ணன் மொய்னுதீன், அவர் கடை வாசலில் போன வருஷம் எத்தனை தடவை போய் நின்றிருப்பேன். “எங்க ஊட்டுப் பொண்ணுங்க வெளியில வேலைக்குப் போனதில்ல டீச்சர். பேருக்கு ஒண்ணு வந்துச்சுன்னா யார் பொறுப்பு?” என்றார். “நான் பொறுப்பு பாய்” என்றேன். அதற்குப் பிறகுதான் தலையாட்டினார்.

இன்னும் தற்காலிகம்தான். பிள்ளைகள் வேலையை வைக்கும் வரும் கண்காட்சியைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்களாம்.

5 பிப்ரவரி, புதன்

பொங்கலோடு ஆபீசுக்குத் தமிழ் வந்துவிட்டது. இனி எழுத்து, பேச்சு, கூட்டம் எல்லாம் தமிழில்தான். எனக்குச் சந்தோஷம். ஆனால் எங்கள் ஜில்லா அதிகாரி பூவராகவனைப் பார்க்கத்தான் பாவமாக இருக்கிறது. பாவமாகவா? இல்லை, எரிச்சலாக. பிறந்தது முதல் இங்கிலீஷில் தும்மியவர். இப்போது மேஜையில் தலையணை மாதிரி ஒரு அகராதி. என் சுற்றுப்பயணத்துக்கு ‘வயல் பார்வை’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். கிளார்க் யேசுதாஸ் இருமுவதுபோல வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

“நான் வயலுக்குப் போகல சார், நிலையத்துக்குப் போறேன்” என்றேன்.

“ஃபீல்டுக்குத் தமிழ் வயல்தானே அம்மா?” என்கிறார்.

ஆனைக்கு அர்ரம் என்றால் குதிரைக்கு குர்ரம்!

15 பிப்ரவரி, சனி

கண்காட்சிக்கு ஒரு வாரம். சாலிஹா வழியனுப்ப அறை வாசல்வரை வந்தாள். எதையோ சொல்ல நினைத்து முழுங்குகிறாள். இன்னாடி என்றேன்.

“கண்காட்சிக்கு மட்டும்... நானே கொஞ்சம் வெளிம்பைச் சரி பண்ணிடட்டுமா டீச்சர்? மூணு நாலு பெட்டி மட்டும். எல்லா சென்டர்லயும் பண்றாங்களாம்.”

கத்திவிட்டேன். எல்லாரும் கிணற்றில் விழுந்தால் நீயும் விழுவாயா என்று கேட்டேன். இத்தனை மாதம் என் தொண்டைத் தண்ணீர் வற்றியது இதற்குத்தானா என்று கேட்டேன். பிள்ளைகள் முன்னாலேயே கேட்டேன்.

“சரி டீச்சர். கை வெக்க மாட்டேன்” என்றாள். அவ்வளவுதான். முகம் சுண்டவில்லை. சொன்னால் சொன்னபடி செய்கிற பெண் அவள்.

22 பிப்ரவரி, சனி

எழுதாமல் இருந்தால் தட்டுமுட்டுச் சாமானை எதையாவது உடைப்பேன்.

பொன்னேரியில் கண்காட்சி. பந்தல், தோரணம், மைக் செட். குணசுந்தரியின் மேஜை பளபளவென்று இருந்தது. ஒரு பெட்டியில் ஒரு ஓலை பிசகவில்லை. எந்தப் பத்து வயதுப் பெண் அப்படிப் பின்னுவாள்? எனக்குத் தெரியும், குணசுந்தரிக்குத் தெரியும், பார்த்துக்கொண்டு நின்ற பாதிப் பேருக்கும் தெரியும். சாலிஹாவின் மேஜையில் பெட்டிகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் அவள் பிள்ளைகள் எவ்வளவு நிமிர்ந்து நின்றார்கள்! “இது நான் பின்னுனது, இது நான் பின்னுனது” என்று போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்கள்.

பூவராகவன் வந்தார். மூடிகளை எடுத்தெடுத்துப் பார்த்தார். ஒன்று உட்காரவில்லை. இன்னொன்றும் உட்காரவில்லை. நேரே மேடைக்குப் போனார். முதல் பரிசு குணசுந்தரிக்கு. சரி, அது எதிர்பார்த்ததுதான், பல்லைக் கடித்துக்கொண்டு கை தட்டினேன். அதோடு விட்டிருந்தால் போதாதா? பேசினார். தமிழில் பேசினார்.

“பழவேற்காடு நிலையத்து ஆசிரியைக்குக் கை சுத்தம் போதாது. இதை நான் நேரில் பார்த்துக் கண்டுபிடித்தேன். இவரை வேலையில் வைத்திருப்பதா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.”

மைக்கில்! ஊரே கேட்க!

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை, இவர் என்ன சொல்கிறார் என்று. பெட்டியில் நேர்த்தி இல்லை என்று சொல்லவந்த மனிதர், அந்தப் பெண்ணைத் திருடி என்று சொல்லிவிட்டு, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த நிலையத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். என் பின்னாலிருந்த ஒரு அம்மாள், “அடிப்பாவி, பாத்தா அப்படித் தெரியலியே” என்றாள். சாலிஹா முக்காட்டை முகம்வரை இழுத்துக்கொண்டாள். தூண் ஓரம் நின்றிருந்த மொய்னுதீன் பாய் வந்து தங்கையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பிள்ளைகள் தங்கள் கோணல் பெட்டிகளை வாரிக்கொண்டு பின்னாலேயே ஓடின.

நான் மேடைக்கு ஏறியிருக்க வேண்டாமா? அங்கேயே மைக்கைப் பிடுங்கியிருக்க வேண்டாமா? மரம் மாதிரி நின்றேன்.

23 பிப்ரவரி, ஞாயிறு

இன்னா மனுஷன் இவன்! இன்னா மனுஷன்!

25 பிப்ரவரி, செவ்வாய்

ஆபீசுக்குப் போனேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

“சார், கை சுத்தம் இல்லன்னா தமிழ்ல இன்னா அர்த்தம் தெரியுமா?”

“நீட்னெஸ். கை வேலையில் சுத்தம்.”

“திருடின்னு அர்த்தம் சார்! அவ கைய நம்பி ஊட்ல விட முடியாதுன்னு அர்த்தம்!”

அவர் நம்பவில்லை. அகராதியைப் புரட்டினார். கை என்றால் கைதான் இருந்தது, சுத்தம் என்றால் சுத்தம்தான் இருந்தது. பிறகு யேசுதாஸைக் கூப்பிட்டுக் கேட்டார். யேசுதாஸ் தரையைப் பார்த்துக்கொண்டு, “அம்மா சொல்றதுதான் சார்” என்றார். பூவராகவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அதைப் பார்த்ததும், பரவாயில்லை, மனிதர்தான் என்று நினைத்தேன். அந்த நினைப்பு அரை நிமிஷம்கூட நிற்கவில்லை.

“பைலில் திருத்தி எழுதிவிடுகிறேன்” என்றார்.

“பைலை யார் சார் படிச்சாங்க? மைக்கை ஊரே கேட்டுச்சு. பழவேற்காட்டுக்கு வந்து, மைக்ல, அந்தப் பொண்ணு கை சுத்தமான பொண்ணுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.”

யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். பிறகு சொன்னார்: “அப்படிச் சொன்னால் வேலை நேர்த்தியாக இருந்தது என்று நான் சர்ட்டிபிகேட் கொடுத்த மாதிரி ஆகிவிடும் அம்மா. மூடி கோணல்தானே? பொய் சொல்ல முடியாது.”

ஒரு பெண்ணின் பேர் போகிறது, இவருக்கு மூடி கவலை! கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன். அறைந்தது எனக்கே கேட்டது.

1 மார்ச், சனி

பழவேற்காடு. அறை பூட்டிக் கிடந்தது.

தெருவில் நான் நடந்தால் பெண்கள் வாசலுக்கு வருகிறார்கள். ஒருத்தி சாயப்பொடி காணாமல் போனதாம் என்கிறாள். இன்னொருத்தி சர்க்கார் கத்தரிக்கோலாம். சாலிஹாவிடம் படிக்கும் பெண்ணின் தாய் ஜெய்னம்பு, “இன்னாதான் டீச்சர் எடுத்தா? நீங்களாவது சொல்லுங்க” என்று என் கையைப் பிடித்துக் கேட்கிறாள். ஒன்றும் எடுக்கவில்லை என்றேன். “அப்ப ஆபீசரு ஏன் சொல்றாரு?” என்றாள். தமிழ் தெரியாமல் சொன்னார் என்றேன். “தமிழ்லதான சொன்னாரு?” என்றாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

மொய்னுதீன் பாய் வீட்டு வாசலிலேயே நின்றார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

“பேருக்கு நீங்க பொறுப்புன்னீங்க டீச்சர்.”

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அமைதியாகச் சொன்னார். கதவுக்குப் பின்னாலிருந்து சாலிஹாவின் குரல் மட்டும் வந்தது.

“நீங்க சொன்னபடிதான டீச்சர் நடந்தேன்? ஒரு பெட்டியிலகூட கை வெக்கலியே. வெச்சவங்களுக்குத்தான பரிசு குடுத்தாங்க? இப்ப யார் ஊட்டுக்குப் போனாலும் பேச்சை நிறுத்திடறாங்க. கடையில எங்க மொய்னுதீன் காக்கா பக்கத்துல நின்னு ஒரு சாமானை எடுக்கக்கூட எனக்குக் கூச்சமாக்கீது.”

இந்த ஜில்லாவில் நான் பழக்கிய அத்தனை பேரிலும் சுத்தமான கை அந்தக் கை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன்.

2 மார்ச், ஞாயிறு

குழம்பில் உப்பு இரண்டு தடவை போட்டிருக்கிறேன். வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டு, “ஸ்டேஷன்ல எஞ்சின் தண்ணி புடிக்குமே, அதும் பக்கத்துல போய்ப் படுக்கணும் போலக்கீது” என்றார். ரயில்வே பார்சல் கிளார்க்கின் நையாண்டி. சிரிக்கவில்லை நான்.

“நெல்லைக் கொட்னா அள்ளலாம், சொல்லைக் கொட்னா அள்ள முடியாது. விடு முத்தம்மா” என்றார்.

அள்ளமுடியாது என்று விட்டுவிட வேண்டியதுதானா? கொட்டினவன் குனியக்கூட மாட்டேன் என்கிறானே! அதுதான் எரிகிறது. அவரிடம் இதைச் சொல்லிக் கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அவர் எழுந்துபோய் வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்து, “இப்ப கத்து” என்றார்.

9 மார்ச், ஞாயிறு

சாலிஹா வேலை வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

15 மார்ச், சனி

செய்துவிட்டேன்.

பழவேற்காட்டில் பஞ்சாயத்து ரேடியோ திறப்பு விழா. பூவராகவன் தலைமை. நன்றியுரை சொல்ல ஆள் வேண்டும் என்று யேசுதாஸ் கேட்டபோது, நான் சொல்கிறேன் என்றேன். யேசுதாஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்த்துவிட்டு என் பேரைப் போட்டுக்கொண்டார். அந்த மனிதருக்கு என்றைக்காவது நான் நன்றி சொல்ல வேண்டும்.

முன்னால் ஆண்கள், பின்னால் துணித் திரை கட்டிப் பெண்கள். அவர் பேசி முடித்ததும் நான் மைக்கைப் பிடித்தேன். தலைவருக்கு நன்றி, பஞ்சாயத்துக்கு நன்றி, ரேடியோவுக்கு நன்றி. அதற்கப்புறம் எழுதிவைத்தது எதுவும் ஞாபகம் இல்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

“சாலிஹாவுக்குக் கை சுத்தம் இல்லன்னு அய்யா அன்னிக்கு மைக்ல சொன்னாரு. அய்யா இங்கிலீஷ்ல நெனச்சு தமிழ்ல சொல்லிட்டாரு. பெட்டி கோணலா இருந்துச்சு, அதத்தான் அவரு சொன்னாரு. வேற ஒண்ணுமே இல்ல. பெட்டி ஏன் கோணல்? உங்க பொண்ணுங்க பின்னுனது, அதனால கோணல். சாலிஹா அதுல கை வெக்கல. வெக்கக் கூடாதுன்னு நான் சொன்னேன், அவ வெக்கல. பரிசு வாங்கின பெட்டியெல்லாம் எந்தப் பொண்ணும் பின்னுனது இல்ல, டீச்சருங்க பின்னுனது. புள்ளைங்க வேலைன்னு பொய் சொல்லி மேஜையில வெச்சது. இப்ப நீங்க சொல்லுங்க, கை சுத்தம் யாருக்கு?”

மைக் கீச்சென்று கத்தியது. பூவராகவன் எழுந்து நின்றுவிட்டார். திரைக்குப் பின்னாலிருந்து ஜெய்னம்புவின் குரல்:

“அப்ப கத்திரிக்கோலு காணாம போவலியா?”

“கத்தரிக்கோல் என் பையில கீதும்மா!” என்று எடுத்து உயர்த்திக் காட்டினேன். சொந்தக் கத்தரிக்கோல்தான், எப்போதும் பையில் இருப்பது. சர்க்கார் கத்தரிக்கோல் என்று ஒன்று அந்த நிலையத்துக்கு இதுவரை வந்ததே இல்லை, அதையும் சொன்னேன். திரைக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஆண்கள் பக்கமும் சிரிப்பு பரவியது. மொய்னுதீன் பாய் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து போய்விட்டார்.

சாலிஹா வந்திருந்தாளா என்று தெரியவில்லை. திரைக்குள் எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

18 மார்ச், செவ்வாய்

மெமோ வந்தது. தமிழில். ‘மேலதிகாரியைப் பொது இடத்தில் கேவலப்படுத்தியது.’ பிழை இல்லாத தமிழ். இதற்கு மட்டும் சொல் சரியாகக் கிடைத்துவிட்டது பாருங்கள்!

பரிசை வாபஸ் வாங்குகிறார்களாம். குணசுந்தரி நான் ரயில் விட்டு இறங்கும் ஸ்டேஷனுக்கே வந்து என் முகத்துக்கு நேராகக் கேட்டாள். “அவ பேரைக் காப்பாத்த என் பேரை எடுத்துட்டீங்களே டீச்சர். நானும் உங்ககிட்ட கத்துக்கினவதான?”

நீ செய்தது தப்பு என்றேன். “தப்புதான். எல்லாரும் பண்ணோம். பரிசு வாங்கினது நான் ஒருத்திதானே, மானம் போனதும் எனக்குத்தான்” என்றாள். அவள் பேரை நான் சொல்லவில்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். முதல் பரிசு யாருக்கு என்று தெரியாத ஊரா? அவள் மேல் கோபப்பட முடியவில்லை, என் மேலும் பட முடியவில்லை. அந்தக் கோபத்தையும் சேர்த்துப் பூவராகவன் மேலேயே போட்டுவிட்டேன். அவருக்குத் தோள் அகலம், தாங்குவார்.

7 ஏப்ரல், திங்கள்

மாற்றல் உத்தரவு. தெற்கே ஒரு ஊருக்கு. இங்கிருந்து ஜில்லாவின் அந்தக் கோடி. வீட்டுக்காரருக்கு ஸ்டேஷன் கும்மிடிப்பூண்டியில், எனக்கு அடுப்பு அங்கே. “உப்பு சரியாப் போட்ட சோறு இனிமே ஞாயித்துக்கெழம மட்டும்தான்” என்றார். சொல்லிவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார்.

அதே தபாலில் ஒரு சுற்றறிக்கையும் வந்தது. எல்லா நிலையங்களுக்கும். இனி ‘கை சுத்தம்’ என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டாம், ‘செய்நேர்த்தி’ என்று எழுத வேண்டும். ஏன் என்று ஒரு வரி இல்லை. யாரிடமும் மன்னிப்பு இல்லை. சொல்லை மாற்றியாகிவிட்டதாம், காரியம் முடிந்ததாம். கிழித்துப் போடலாம் என்று எடுத்தேன். நல்ல சொல்லாக இருக்கிறதே என்று பாழாய்ப்போன மனசு சொல்லிற்று. அதற்கும் ஆத்திரம்.

11 மே, ஞாயிறு

புது ஊரிலிருந்து பழவேற்காட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தேன். ஜெய்னம்புவின் பெரிய மகளுக்கு. நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு நிச்சயித்துவிட்டார்களாம். கூப்பிட்டு அனுப்பியது ஜெய்னம்பு, ஆனால் சேதி கொண்டுவந்த ஆள் மொய்னுதீன் பாய் கடைப் பையன். என்ன அர்த்தம் என்று வழியெல்லாம் யோசித்தேன்.

பாய் பந்தல் வாசலில் நின்றிருந்தார். “வாங்க டீச்சர்” என்றார். பெண்கள் பக்கம் போனேன். ஒரே கூட்டம், பிள்ளைகள் அழுகை, பிரியாணி வாசனை. நடுவில் சாலிஹா, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இந்த அறைக்கும் அந்த அறைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறாள். இளைத்திருந்தாள். “டீச்சர்! சாப்ட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் ஓடினாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்ததும் ஒரே அமளி. நகை எங்கே, நகை எங்கே என்று யாரோ கத்தினார்கள். ஜெய்னம்பு கூட்டத்துக்கு மேலே எட்டி, ஊர் கேட்கக் குரல் கொடுத்தாள்: “சாவி சாலிஹா கிட்டக்கீது! அவளைக் கூப்புடுங்க!”

சாலிஹா இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவிக்கொண்டு வந்தாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கல்யாண வீட்டில் நகைச்சாவி யாரிடமாவது இருக்கத்தானே வேண்டும் என்பதுபோல வழிவிட்டார்கள், அவ்வளவுதான். நான்தான் அந்தச் சாவிக்கொத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் என்னைத் தாண்டிப் போகும்போது கையைப் பிடித்து நிறுத்தினேன். இடம் பொருள் ஏவல் தெரியாத ஜென்மம் நான், கேட்டுவிட்டேன்.

“சென்டருக்கு எப்ப வர்றே?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“மைக் இல்லாத ஊர்ல சென்டர் வைங்க டீச்சர், வர்றேன்” என்று கையை விடுவித்துக்கொண்டு, நகைப்பெட்டியைத் திறக்க உள்ளே போனாள்.